கோசி ஆறு ஏன் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது? – வாசகர் கேள்வி பதில்

ரெண்டு இதழுக்கு முன்னாடி பீகார் வெள்ளம் பத்தி நாலே நாலு வரி போட்டிருந்தோம், அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் குவிஞ்சிருச்சு. அதனால இந்த தடவ மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு முழுக்க கோசி ஆறு மட்டும்தான்.

எங்க பனியன் கம்பெனியில சுபௌல், சஹர்சா பக்கத்து பசங்க நிறைய பேர் வேல செய்யுறாங்க. ஆகஸ்ட், செப்டம்பர் வந்துட்டா யாராவது ஒருத்தன் "ஊர்ல தண்ணி வந்துருச்சு சார்"னு லீவு கேட்டு வந்து நிப்பான். அது என்ன ஆறு, எங்கேர்ந்து வருது? – சூப்பர்வைசர், திருப்பூர்

அது கோசி சார். நேபாளத்துல சப்த கோசின்னு சொல்லுவாங்க, ஏழு ஆறு சேர்ந்து ஒண்ணாகுறதால அந்த பேரு. அதுல பெருசு மூணு: மேற்குலேர்ந்து வர்ற சுன் கோசி, வடக்குல திபெத்துலேர்ந்து இமயமலைய குறுக்கால அறுத்துக்கிட்டு வர்ற அருண், கிழக்குலேர்ந்து வர்ற தமூர். இந்த மூணும் திரிவேணிங்கிற இடத்துல சேர்ந்து, பராகக்ஷேத்ரா கோயில் பக்கமா ஒரு குறுகலான மலையிடுக்கு வழியா ஓடி, சத்ராங்கிற ஊர்ல திடீர்னு சமவெளிக்கு வந்துரும். அங்கேர்ந்து பீகாருக்குள்ள நுழைஞ்சு சுபௌல், சஹர்சா, மதுபனி, தர்பங்கா, ககரியா மாவட்டத்த எல்லாம் தொட்டுக்கிட்டு கடைசியா கட்டிஹார் மாவட்டத்துல குர்செலா பக்கத்துல கங்கையில கலக்குது. மொத்த நீளம் சுமார் 720 கிலோமீட்டர்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, மத்தது எல்லாம் தானா புரிஞ்சிரும். உலகத்துலயே உசரமான முதல் ஆறு சிகரத்துல அஞ்சு, அதாவது எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு, சோ ஓயு எல்லாத்துலேர்ந்தும் உருகுற தண்ணி இந்த ஆத்துக்கு வருது. அவ்ளோ உசரத்துலேர்ந்து இறங்குற தண்ணி வெறும் தண்ணியா வராது. நிலநடுக்கத்துல ஆடிப்போன மலை, மழையில சரியுற மண், பனியாறு அரைச்ச பாறைத்தூள் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வரும். வருஷத்துக்கு 10 கோடி டன்னுக்கு மேல மண்ணும் மணலும். உங்க கம்பெனி பசங்க ஊர்ப் பிரச்சனைக்கு வேரு தண்ணி இல்ல சார், இந்த மண்ணுதான்.

கோசி 120 கிலோமீட்டர் இடம் மாறியிருக்குன்னு எங்க ஜியாகரபி மேடம் சொன்னாங்க. ஒரு ஆறு எப்படி அவ்ளோ தூரம் நகரும்? – கல்லூரி மாணவி, சேலம்

உங்க மேடம் சொன்னது நெஜம்மா. 18ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல கோசி பூர்ணியா டவுன் பக்கமா ஓடிட்டு இருந்துச்சு, இப்ப சஹர்சாவுக்கும் மேற்கால ஓடுது, சுமார் இருநூத்தி அம்பது வருஷத்துல நூறு கிலோமீட்டருக்கு மேல மேற்கால நகர்ந்திருக்கு.

காரணம் ரொம்ப சிம்பிள். மலையிடுக்குல வேகமா வர்ற ஆறு சத்ராவ தாண்டினதும் சரிவு படக்குன்னு கொறைஞ்சு போகும், வேகம் கொறைஞ்சா மண்ண தூக்கிட்டு போக தெம்பு இல்ல, அங்கங்க போட்டுட்டு போகும். கையில மணல அள்ளி ஒரே எடத்துல கொட்டிக்கிட்டே இருங்க, குவியல் ஒசந்ததும் அடுத்த பிடி மணல் சரிஞ்சு பக்கவாட்டுல போகும் பாருங்க, அதேதான். படுகை ஒசந்ததும் பக்கத்துல எது தாழ்வோ அங்க ஆறு பாஞ்சிரும். இப்படியே ஆயிரக்கணக்கான வருஷமா போட்ட மண்ணு சத்ராவுலேர்ந்து கங்கை வரைக்கும் விசிறி மாதிரி விரிஞ்சு கெடக்கு, நீளம் சுமார் 180 கிலோமீட்டர், அகலம் சுமார் 150 கிலோமீட்டர், உலகத்துலயே பெரிய ஆத்து விசிறிகள்ல ஒண்ணு. பூர்ணியா, மதேபுரா, அரரியா பக்கம் போனா கோசி விட்டுட்டு போன பழைய தடம் நூத்துக்கணக்குல இருக்கு, ஊர்க்காரங்க 'தார்'னு சொல்லுவாங்க, கோடையில நெல்லும் சோளமும் வெளையும், மழையில மறுபடியும் தண்ணி ஓடும். ஆறு தான் நடந்த வழிய மறக்கவே இல்ல. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, 2008ல என்ன நடந்துச்சுங்கிறதுக்கு இதுதான் சாவி.

ரெண்டு பக்கமும் கரை கட்டிட்டா ஆறு எங்க போகும்? கரை ஒழுங்கா கட்டலன்னுதான் எனக்கு தோணுது. உங்க கருத்து என்ன? – ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியர், மதுரை

அய்யா, உங்களுக்கு இந்த வேலை தெரியும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். எனக்கு இதுல உறுதியான கருத்து இருக்கு, கரை தரமா கட்டினாங்களா இல்லையாங்கிறது ரெண்டாவது கேள்வி, இந்த ஆத்துக்கு கரையே சரியான மருந்தாங்கிறதுதான் மொதல் கேள்வி.

இத நான் புதுசா சொல்லல. 1937 நவம்பர்ல பாட்னாவுல வெள்ளத்த பத்தி ஒரு மாநாடு நடந்துச்சு, அப்ப பீகாரோட சீஃப் இன்ஜினியரா இருந்த ஹால்ங்கிற வெள்ளைக்காரரே கரை கட்டுறது கெடுதல்னு பேசினார். வண்டல் அதிகமா கொண்டு வர்ற ஆத்த அடைச்சா மண்ணு எங்க போகும், உள்ளேயே படியும், படுகை ஏறும், ஒரு நாள் கரை ஒடையும், இதான் வாதம். பதினஞ்சு வருஷம் கழிச்சு 1953ல பெரிய வெள்ளம், மக்கள் கொதிப்பு, உடனே ஏதாவது செஞ்சாகணும்ங்கிற நெருக்கடி. 1954ல கன்வர் சைன், கே.எல். ராவ் ரெண்டு இன்ஜினியர்களும் சீனாவுக்கு போய் மஞ்சள் ஆத்துக் கரைய பாத்துட்டு வந்து கோசிக்கும் கரை கட்டலாம்னு சிபாரிசு பண்ணாங்க. அதே வருஷம் ஏப்ரல் 25ல நேபாளத்தோட ஒப்பந்தம், 1955 ஜனவரியில வேலை ஆரம்பம். மஞ்சள் ஆறு காலங்காலமா கரைய ஒடச்சுக்கிட்டு தடம் மாறிக்கிட்டே இருந்த ஆறுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, ஹால் சொன்னதுதான் ஆச்சு. கரைக்குள்ள படுகை ஏறி ஏறி இன்னைக்கு பல இடத்துல வெளிய இருக்குற வயல விட ஆத்தோட அடிமட்டம் சில மீட்டர் உசரத்துல இருக்கு. அதாவது ஆறு தரையில ஓடல, தரைக்கு மேல ஓடுது. 1963ல ஒடைஞ்சுச்சு, 68ல ஒடைஞ்சுச்சு, 71, 80, 84, 87, 91னு லிஸ்ட் போயிட்டே இருக்கு.

2008 ஆகஸ்ட் 18. பீர்பூர் பேரேஜுக்கு (எல்லைய ஒட்டி கோசிக்கு குறுக்க இருக்குற தடுப்பணை) மேல சுமார் 12 கிலோமீட்டர் தூரத்துல, நேபாள எல்லைக்குள்ள குசஹாங்கிற ஊர்ல கிழக்குக் கரை போச்சு. அன்னைக்கு ஆத்துல ஓடின தண்ணி ஒன்றரை லட்சம் கன அடி கூட இல்ல, ஆனா அந்த கரைய டிசைன் பண்ணினது ஒன்பதரை லட்சம் கன அடிக்கு. நல்லா கவனிங்க அய்யா, தாங்க வேண்டியதுல ஆறுல ஒரு பங்கு தண்ணிக்கே ஒடைஞ்சிருச்சு. கரைய ஒட்டி ஆறு பல நாளா அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, கரைய காக்குறதுக்கு நீட்டியிருந்த ஸ்பர் அரிச்சுப் போச்சு, பராமரிப்பு சரியில்லங்கிறது உண்மை, நீங்க சொல்றதுல அந்த அளவுக்கு நியாயம் இருக்கு. ஆனா ஒடைஞ்சதும் ஆறு என்ன பண்ணுச்சு பாருங்க, கிட்டத்தட்ட மொத்த தண்ணியும் அந்த ஒடப்பு வழியா வெளிய வந்து, பல தலைமுறைக்கு முன்னாடி ஓடின அந்த பழைய தடத்துல போய் விழுந்துச்சு. சுபௌல், மதேபுரா, அரரியா, பூர்ணியா, சஹர்சான்னு அஞ்சு மாவட்டம், 30 லட்சத்துக்கு மேல மக்கள். பல வருஷமா கோசிய பக்கத்துல பாக்காத ஊருங்க அது, படகு இல்ல, நீச்சல் தெரியாது, வெள்ளம் வந்தா எங்க ஏறி நிக்கணும்னு தெரியாது. முரளிகஞ்ச், திரிவேணிகஞ்ச், சாத்தாபூர்ல எல்லாம் ஜனங்க வீட்டுக் கூரையில, ரயில்வே ஸ்டேஷன்ல, கால்வாய்க் கரையில நாள்கணக்குல உக்காந்திருந்தாங்க. பிரதமர் மன்மோகன் சிங் நேர்ல பாத்துட்டு தேசியப் பேரிடர்னு சொல்லி 1,000 கோடி ரூபாய் ஒதுக்கினார். ஒடப்ப அடைக்கறதுக்கு அடுத்த வருஷம் பொறந்துருச்சு.

இன்னொரு கணக்கு சொல்லிட்டு முடிச்சிடறேன். 1950கள் தொடக்கத்துல பீகார்ல இருந்த கரை மொத்தம் சுமார் 160 கிலோமீட்டர், வெள்ள அபாயப் பகுதி 25 லட்சம் ஹெக்டேர். இன்னைக்கு கரை 3,400 கிலோமீட்டருக்கு மேல, வெள்ள அபாயப் பகுதி 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல. கரை கூடக் கூட வெள்ளம் கொறையணும்ல? தினேஷ் குமார் மிஸ்ரான்னு ஐஐடியில படிச்ச சிவில் இன்ஜினியர், பல வருஷமா இந்தக் கேள்வியத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார், நானும் அவர் பக்கம்தான் அய்யா.

ஒவ்வொரு தடவையும் நேபாளம் தண்ணி தொறந்து விட்டுடுச்சுன்னு நியூஸ்ல சொல்றாங்களே, நம்ம அரசு ஏன் தட்டிக் கேக்க மாட்டேங்குது? – ஆட்டோ ஓட்டுநர், சென்னை

அண்ணே, இத தெளிவா சொல்லிடறேன், இந்த ஒரு வரி பொய் பல வருஷமா ஓடிட்டு இருக்கு. பீர்பூர் பேரேஜ், பீம்நகர் பேரேஜ்னும் சொல்லுவாங்க, எல்லைய ஒட்டி நேபாள மண்ணுல இருக்கு, ஆனா கட்டினது இந்தியா, இயக்குறது பீகார் நீர்வளத்துறை இன்ஜினியர்கள். 56 ஷட்டர், எத எப்ப தூக்கணும்னு முடிவு பண்றது அவங்கதான். அதோட அது தண்ணிய தேக்கி வெக்கிற டேம் கிடையாது, வர்ற தண்ணிய திருப்பி கால்வாய்க்கு விடுற தடுப்பு. மேல மழை கொட்டுச்சுன்னா தூக்கியே ஆகணும், தூக்கலன்னா பேரேஜே போயிடும். 2024 செப்டம்பர் கடைசியில நேபாளத்துல பேய் மழை, 56 ஷட்டரும் தூக்கி 6 லட்சத்து 61 ஆயிரம் கன அடி போச்சு, 1968க்கு அப்புறம் அதுதான் அதிகம். பேரேஜ் தாக்குப் பிடிச்சுச்சு, கீழ தர்பங்கா பக்கம் கரை ஒடைஞ்சுச்சு. நேபாளத்துக்காரங்களும் அடி வாங்கறாங்க, 2008ல மொதல்ல முங்கினது நேபாளத்து சுன்சரி மாவட்டத்துக் கிராமங்கதான். அவங்க ஊர்ல "இந்தியா கரைய ஒழுங்கா பாக்கல"ன்னு கோவப்படுறாங்க, நம்ம ஊர்ல "நேபாளம் தொறந்துட்டான்"னு கோவப்படுறாங்க, நடுவுல ஆறு அது பாட்டுக்கு மண்ண போட்டுட்டு இருக்கு.

வெள்ளம் வந்தா வண்டல் படியும், நெலத்துக்கு நல்லதுதானே? எங்க பக்கம் ஏரி வண்டல அள்ளி வயலுக்கு அடிக்க க்யூவுல நிக்கறோம். – விவசாயி, தஞ்சாவூர்

அய்யா கேள்வியிலயே பாதி பதில் இருக்கு. கரை வர்றதுக்கு முன்னாடி கோசி வெள்ளம் மெதுவா பரவி வந்துட்டு வடிஞ்சிரும், பரவுறப்ப படியுறது மெல்லிய வண்டல், அதுல பயிர் நல்லா வரும். ஆனா ஒடப்பு வழியா வேகமா பாயுற தண்ணி கொண்டு வர்றது வண்டல் இல்ல, பருமணல். 2008க்கு அப்புறம் மதேபுரா, சுபௌல் பக்கம் முழங்கால், இடுப்பு உசரத்துக்கு மணல் மூடின வயல் ஏராளம், பம்புசெட்டே புதைஞ்சு போன எடமும் உண்டு. அதுல நெல்லு வராது, தர்பூசணி, வெள்ளரி மாதிரி மணல்ல வர்றத போட்டு ஓட்டினாங்க.

இன்னொரு பக்கம், கரைக்கு வெளிய பெய்யுற மழைத்தண்ணி ஆத்துக்குள்ள வடிய வழியில்லாம கரையே தடுக்குது, அங்க மாசக்கணக்கா தேக்கம். அந்தத் தேக்கத்துலதான் மக்கானா வெளையுது, நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட் போட்டு விக்கிறாங்களே தாமரை விதைன்னு, உண்மையில அது முள்ளு நிறைஞ்ச ஒருவகை அல்லிக்கொடியோட விதை. தண்ணிக்குள்ள முங்கி அடிச்சேத்துலேர்ந்து கையாலயே அத கூட்டி எடுத்து, வறுத்து, சூட்டோட மரச்சுத்தியால ஒரே தட்டு தட்டி பொரிய வெக்கணும். பரம்பரையா அத செய்யுறது மல்லாங்கிற மீனவ சமூகம். மிதிலா மக்கானாவுக்கு 2022ல புவிசார் குறியீடும் கெடச்சிருச்சு.

கரைக்கு உள்ளயே ஊர் இருக்குன்னு படிச்சேன், நம்பவே முடியல. நெஜமாவா? – டீச்சர், நாகர்கோவில்

நெஜம்தான் டீச்சர், எனக்கு இந்த மொத்த கதையிலயும் மனசு ஆறாத பகுதி இதுதான். ரெண்டு கரைக்கும் நடுவுல சில இடத்துல அஞ்சாறு கிலோமீட்டர், சில இடத்துல பத்துக்கும் மேல இடைவெளி. பீகார்ல மட்டும் சுமார் 380 கிராமம் அந்த இடைவெளிக்குள்ள சிக்கிக்கிச்சு, லட்சக்கணக்குல ஜனம். கரை கட்டறப்ப வெளிய வீட்டு மனை தர்றோம்னு சொன்னாங்க, கொஞ்சம் பேருக்கு கொடுத்தாங்க, ஆனா நெலத்துக்கு நெலம் தரல. வயல் உள்ள, வீடு வெளிய, நடுவுல ஆத்தோட கிளைங்க நாலஞ்சு, தெனமும் படகுல போய் எப்படி பயிர் பண்றது? அதோட கொடுத்த மனையில பாதி கரையோரத் தேக்கத்துல முங்கிருச்சு. போன ஜனம் திரும்பி உள்ளயே வந்துருச்சு.

அவங்க வாழ்க்கைய கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. வீட்டுச் சுவரு மூங்கில் தட்டி, ஏன்னா ஆறு அரிக்க ஆரம்பிச்சா அவுத்து படகுல ஏத்திக்கிட்டு வேற மேட்டுல நட்டுக்கலாம், செங்கல் சுவர என்ன பண்றது. மழை தொடங்குறதுக்கு முன்னாடியே அவல், சத்து மாவு, தீப்பெட்டி, உப்பு எல்லாம் மூட்டை கட்டி பரண்ல ஏத்திருவாங்க. தண்ணி ஏறிடுச்சுன்னா ஆடு மாட்ட ஓட்டிக்கிட்டு கரை மேல போய் தார்ப்பாய் கட்டிக்குவாங்க, கிலோமீட்டர் கணக்குல நீல, கருப்பு தார்ப்பாயா தெரியும். பிரசவ வலி எடுத்தா கட்டில்ல தூக்கி படகுல வெச்சு, எறங்கி மணல்ல நடந்து, மறுபடியும் படகு. இதுல அநியாயம் என்னன்னா ஆறு முழுங்கின நெலத்துக்கும் வரி கேட்டு சீட்டு வருதுன்னு அந்த ஜனங்க வருஷக்கணக்கா சண்டை போட்டுட்டு இருக்காங்க. இவங்களுக்குன்னே 1987ல சஹர்சாவுல கோசி பாதிக்கப்பட்டோர் வளர்ச்சி ஆணையம்னு ஒண்ணு அமைச்சாங்க, கல்வி, மருத்துவம், வேலையில முன்னுரிமைன்னு பெரிய பட்டியல், அதுவும் செயல்படாம போயிருச்சு.

வெளிய இருக்கறவங்கள காப்பாத்த இவங்கள உள்ள விட்டுட்டாங்க டீச்சர், அந்தக் கணக்க யாரும் தீர்க்கவே இல்ல. உங்க பிள்ளைங்களுக்கு கோசி பாடம் நடத்தும்போது 'பீகாரின் துயரம்'னு ஒரு வரியில முடிக்காம இந்த 380 ஊரையும் சேத்து சொல்லுங்க.

புராணத்துல கோசி உண்டா? – இல்லத்தரசி, கும்பகோணம்

உண்டு மா. வால்மீகி ராமாயணம் பாலகாண்டத்துல விசுவாமித்திரர் ராமன்கிட்ட தன் அக்கா சத்யவதிதான் கௌசிகிங்கிற நதியா ஓடறாள்னு சொல்றார், அந்த கௌசிகிதான் கோசி. மிதிலைக்கு ஜனகரோட வேள்வியையும் வில்லையும் பாக்கப் போற வழிக் கதை அது, மிதிலையும் இந்தப் பக்கம்தான். மைதிலி நாட்டுப்பாட்டுல கோசி கல்யாணம் ஆகாத பொண்ணு, யாருக்கும் அடங்காதவ. வெள்ளம் ஏறினா பொம்பளைங்க கரையில நின்னு பாட்டுப் பாடி பூஜை பண்ணுவாங்க.

ரயில் பாலம் கட்ட 86 வருஷம் ஆச்சுன்னு ஃபார்வர்டு வந்துச்சு, உண்மையா? – ரயில்வே ஊழியர், விழுப்புரம்

உண்மை. நிர்மலிக்கும் கோசிக்கு எதிர்க்கரைக்கும் நடுவுல ஓடின மீட்டர் கேஜ் லைன் 1934ல அழிஞ்சு போச்சு, அந்த வருஷம் ஜனவரி 15ல பீகார்-நேபாள பெரும் நிலநடுக்கம் வேற. 2003ல வாஜ்பாய் அடிக்கல், 2020 செப்டம்பர்ல திறப்பு. நடுவுல அத்தன வருஷமும் நிர்மலியிலேர்ந்து எதிர்க்கரையில இருக்குற சராய்கட் போக, நேரா 22 கிலோமீட்டர் தூரத்துக்கு, தர்பங்கா, சமஸ்திபூர், ககரியா, சஹர்சான்னு சுத்தி 298 கிலோமீட்டர் ரயில்ல போகணும். மிதிலாவ ரெண்டு துண்டா வெட்டிப்போட்ட மாதிரி சொந்தபந்தம், கல்யாண சம்பந்தம் எல்லாம் அத்துப்போச்சுன்னு அந்த ஊர் பெரியவங்க சொல்லுவாங்க.

மேல ஒரு பெரிய டேம் கட்டிட்டா எல்லாம் தீந்துடாதா? – போட்டித் தேர்வு மாணவர், கோவில்பட்டி

தம்பி, இந்தப் பேச்சு 1940கள்லயே ஆரம்பிச்சாச்சு. பராகக்ஷேத்ரா பக்கத்துல 269 மீட்டர் உசரத்துல சப்த கோசி ஹை டேம்னு திட்டம், 2004ல நேபாளத்து பிராட்நகர்ல ரெண்டு நாடும் சேர்ந்து ஆபீஸ் தொறந்தாங்க, இன்னும் விரிவான திட்ட அறிக்கை கூட முடிஞ்சபாடில்ல. நேபாளத்துல முங்கப் போற கிராமங்க ஒத்துக்க மாட்டேங்குது, அது நியாயம்தானே. அந்த மலை நிலநடுக்கப் பகுதி, வருஷத்துக்கு 10 கோடி டன்னுக்கு மேல வர்ற மண்ணு டேமுக்குள்ளதான் போய் படியும். 2014 ஆகஸ்ட்ல சுன் கோசியில ஜூரேங்கிற ஊர்ல ஒரு மலைச்சரிவு ஆத்தையே அடைச்சிருச்சு, 150 பேருக்கு மேல செத்தாங்க, அது ஒடைஞ்சா என்ன ஆகுமோன்னு பீகார்ல கரைக்குள்ள இருக்குற ஜனங்கள எல்லாம் அவசரமா வெளிய கொண்டு வந்தாங்க. அப்படிப்பட்ட மலையில 269 மீட்டர் டேம்னா எனக்கு பயமாத்தான் இருக்கு.

இப்ப கையில இருக்கறது கோசி-மேச்சி நதி இணைப்பு, 2025 மார்ச்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு, சுமார் 6,282 கோடி ரூபாய். கிழக்குக் கால்வாய நீட்டி மகானந்தா ஆத்துப் பக்கம் தண்ணி கொண்டு போறது. பரீட்சையில எழுத அது ஒரு பாசனத் திட்டம்னு ஞாபகம் வெச்சுக்கோ, 2.10 லட்சம் ஹெக்டேருக்கு தண்ணி. ஆறு லட்சம் கன அடி வர்ற அன்னைக்கு ஒரு கால்வாய் எவ்ளோ இழுக்கும்? நான் கேட்டா, 'தார்'ங்கிற அந்தப் பழைய தடங்கள தூர்வாரி தொறந்து விட்டு வெள்ளம் பல வழியில பிரிஞ்சு போக விடணும், ரோட்டுலயும் ரயில் பாதையிலயும் தண்ணி போக அகலமான வழி வெக்கணும், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிய மேடு தட்டி கட்டணும், உள்ள இருக்குற ஜனத்துக்கு நெலத்துக்கு நெலம் குடுக்கணும்னு சொல்லுவேன்.

(திருப்பூர் சூப்பர்வைசரே ரெண்டாவதா அனுப்பினது) பசங்க சொல்றது நெஜமா, நெலவரம் எவ்ளோ மோசம்னு இங்கேர்ந்து எப்படி தெரிஞ்சுக்கறது?

மத்திய நீர் ஆணையம் வெள்ள முன்னறிவிப்பு இணையதளம் வெச்சிருக்கு சார், செல்போன்லயே பாக்கலாம். கோசிக்கு பசுவா, பல்தாரா, குர்செலா இந்த மூணு இடத்து நீர்மட்டம் பாருங்க, அபாய அளவுக்கு மேலயா கீழயான்னு போட்டிருக்கும். பசுவா சுபௌல் மாவட்டம், பல்தாரா ககரியா மாவட்டம், குர்செலா கங்கைகிட்ட. பீர்பூர் பேரேஜ்ல எவ்ளோ கன அடி போகுதுன்னு பீகார் நீர்வளத்துறையும் மழைக்காலத்துல தெனமும் போடுது. அங்க மட்டம் ஏறிக்கிட்டே இருந்தா பையன் கேக்குறதுக்கு முன்னாடியே கூப்பிட்டு "வீடு கரைக்கு உள்ளயா வெளியயா"ன்னு கேளுங்க. உள்ளன்னு சொன்னான்னா லீவோட கொஞ்சம் அட்வான்ஸும் போட்டு விடுங்க சார், தார்ப்பாயும் படகுக் கூலியும் அந்த வாரத்துல ரெட்டிப்பு விலைக்கு போயிடும்.